ஹூஸ்டன் கடிதம்: கார்கள் நின்ற தரையும் வெள்ளம் ஓடும் கரையும்

ஹூஸ்டன், டெக்சாஸ்



ஹூஸ்டன் நகர மையத்தின் கிழக்கு ஓரத்தில், ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்துக்கு எதிரே, சுமார் 12 ஏக்கரில் டிஸ்கவரி கிரீன் பூங்கா விரிந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் அது திறக்கப்படும் வரை இங்கே பெரும்பகுதி கார் நிறுத்தும் வெற்றுத்தரையே. நகரமும் சில அறக்கட்டளைகளும் பணம் சேர்த்து அதைப் பூங்காவாக்கின. பூமிக்கடியில் கட்டிய நிறுத்தகத்துக்குக் கார்கள் போக, மேலே புல்வெளியும் ஒரு ஏக்கர் குளமும் குழந்தைகள் விளையாடும் நீரூற்றுகளும் வந்தன. நூறாண்டு கடந்த ஓக் மரங்களை வெட்டாமல், அவற்றின் நிழலிலேயே நடைபாதை போட்டார்கள். பூங்கா வந்தபின் சுற்றுப்புறத்துக்கும் மவுசு கூடியது. 2009இல் எதிரிலேயே 37 மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது.

இங்கிருந்து வடமேற்கே நடந்தால் ஆற்றங்கரை. மந்தமாக ஓடும் சிற்றாறுகளை இவ்வூரில் ‘பையூ’ என்பார்கள். பஃபலோ பையூவும் ஒயிட் ஓக் பையூவும் கூடும் இடத்தில்தான், 1836இல், ஆலன் சகோதரர்கள் ஊருக்கு அடிக்கல் இட்டார்கள். பழைய படகுத்துறை இன்று ‘ஆலன்ஸ் லேண்டிங்’ என்ற பூங்கா. ஊரைப் பிறப்பித்த ஆற்றுக்கே ஊர் நெடுங்காலம் முதுகு காட்டி நின்றது. அதன் கரையிலும் தலைக்கு மேலும் நெடுஞ்சாலைகள் வந்தன.

வெள்ளம்தான் இந்த ஆற்றின் பெரிய கதை. தட்டையான நிலம்; நீரை மெல்லவே உறிஞ்சும் களிமண்; மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் பெருமழை. 1929இலும் 1935இலும் ஊர் மூழ்கியது. 1937இல் ஹாரிஸ் கவுன்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்ற அமைப்பு உருவானது. 1940களில் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. ஒயிட் ஓக், பிரேஸ் ஆகிய பையூக்களின் பெரும்பகுதி நேராக்கப்பட்டு, கான்கிரீட் கால்வாயாகிப் போனது. பஃபலோ பையூவுக்கும் அதே கதி வரவிருந்தது. 1960களில் டெர்ரி ஹெர்ஷி என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் போராடி அதைத் தடுத்தார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், அப்போது மக்களவை உறுப்பினராக, அவர்களுக்குத் துணை நின்றார். இன்றைக்கு ஆறு வளைந்தும் கரை மண்ணாகவும் இருப்பது அவர்கள் ஊருக்கு விட்டுச்சென்ற சொத்து.

2006இல் இந்த ஆற்றின் கரையில், நெடுஞ்சாலைப் பாலங்களின் அடியிலேயே சபைன் நடைபாதை திறக்கப்பட்டது. கம்பிக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கி, சரியும் கரையைத் தாங்க வைத்தார்கள். இங்குள்ள விளக்குகள் நிலவைப் பின்பற்றுகின்றன: பௌர்ணமியில் வெண்மை, அமாவாசையை நோக்கி நீலம்.

அங்கிருந்து மேற்கே ஷெப்பர்ட் சாலை வரை சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு 160 ஏக்கர் பஃபலோ பையூ பூங்கா. 2015இல் முடிந்த இந்த வேலைக்கு 5.8 கோடி டாலர் செலவு. அதில் 3 கோடியைக் கின்டர் அறக்கட்டளை கொடுத்தது. மக்கள் நடக்க ஒரு பாதை, மிதிவண்டிக்கு வேறொரு பாதை. வெட்டிப் பராமரிக்க வேண்டிய புல்தரையைப் பெருமளவு குறைத்து, மண்ணுக்குரிய புற்களையும் மரங்களையும் நட்டார்கள். ஆழ இறங்கும் வேர்கள் கரையை அரிக்கவிடாமல் பிடிக்கும். இந்தப் பூங்கா வெள்ளத்தில் மூழ்கும் என்பது தெரிந்தே வடிவமைக்கப்பட்டது. ஆறு பெருகும்போது பரவ இடம் வேண்டும். வீடும் கடையும் இல்லாத கரை அந்த இடத்தைத் தருகிறது.

பூங்காவுக்கு அடியில் 1926இல் கட்டிய குடிநீர்த் தொட்டி ஒன்றும் உண்டு. 221 தூண்கள், சுமார் 25 அடி உயரம். கசிவைச் சரிசெய்ய முடியாமல் கைவிடப்பட்ட அதை இடிக்காமல் காத்து, 2016இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பூங்காவைக் கடக்கும் வா சாலைப் பாலத்தின் இடுக்குகளில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வௌவால்கள் வாழ்ந்தன. அந்தி சாயும்போது அவை கூட்டமாகப் பறப்பதைப் பார்க்க மக்கள் திரள்வது வழக்கம்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. நீர்த்தேக்கங்களிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர, பூங்கா வாரக்கணக்கில் நீருக்கடியில் கிடந்தது. வௌவால்கள் பல மாண்டன, மரங்கள் பட்டுப்போயின, கரைகள் பல இடங்களில் சரிந்தன. வண்டல் மலைபோல் குவிந்தது. அதை அள்ளி, கரையைத் திருத்தி, மறுபடியும் நட்டார்கள். ஆற்றங்கரைப் பூங்காவைக் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அள்ளவும் நடவும் பணமும் ஆட்களும் வேண்டும். பூங்கா திட்டமிடும் எந்த ஊரும் இந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுத வேண்டும்.

நகரம் இந்த ஒரு பூங்காவோடு நிற்கவில்லை. ஹார்விக்கு முன்பே, 2012இல், வாக்காளர்கள் பூங்காக் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அதிலிருந்து 10 கோடி டாலர், பையூக்களின் கரையோரம் 150 மைல் பாதையை இணைக்கும் திட்டத்துக்குப் போனது. பணக்காரர் தெருவோடு நிற்காமல் எல்லாப் பேட்டைகளுக்கும் மரநிழல் போய்ச் சேர இதுவே வழி.

வருவோருக்கு ஒரு குறிப்பு: டிஸ்கவரி கிரீனுக்கு அருகிலேயே ரயில் நிலையம் உண்டு. அங்கும் பஃபலோ பையூ பூங்காவிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. கோடையில் வெயிலும் புழுக்கமும் கடுமை என்பதால் நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களே நடக்க ஏற்றவை. பெருமழைக்கு மறுநாள் தாழ்ந்த பாதைகளில் சேறு நிற்கும். மேற்பாதையில் நடப்பது நல்லது.