வேப்பூரில் இரண்டு இரவுகள்

தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தும். இரவு முழுக்கப் பேசியிருப்பார்கள். காஃப்காவும் மௌனியும் விடியும்வரை வந்து போவார்கள். நடுவில் காபி வரும், தோசை வரும், பாய் விரிக்கப்பட்டிருக்கும். இதெல்லாம் யார் கையால் வந்தது என்பது மட்டும் வராது. செயப்பாட்டு வினை இருக்கிறவரை இலக்கியவாதிக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி இந்த வகைப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்தவள். ஆகவே, 2022 டிசம்பர் 17, 18 தேதிகளில் மூன்று நண்பர்கள் வேப்பூரில் வந்து தங்கி உலகக் கோப்பையின் கடைசி இரண்டு ஆட்டங்களைப் பார்ப்பது என்று முடிவானதும் நிபந்தனை போட்டாள். சனிக்கிழமைச் சமையல் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைக் கறி எங்களுடையது. இரண்டு ஆட்டத்தையும் அவளும் உட்கார்ந்து பார்ப்பாள்.

வேப்பூருக்கென்று யாரும் வருவதில்லை. வேப்பூரைக் கடந்து போகிறார்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் கூட்டுரோடு இது. சுற்றிலும் மானாவாரி நிலம், மக்காச்சோளம், பருத்தி. இங்கே மூன்று பேர் மூன்று திசையிலிருந்து வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. ஒருவர் சேலத்துக்காரர், விமர்சகர். இன்னொருவர் புதுவைக்காரர், கவிஞர். மூன்றாமவர் சென்னை வியாசர்பாடி. ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு நல்ல கவிதைகள் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டவர். அதற்கும் முன்னால், பேட்டை அணியில் கோல்கீப்பர். வலதுகை மோதிர விரல் இன்னும் நேராக மடங்காது. எங்களில் பந்தை உண்மையாகத் தொட்டவர் இவர் ஒருவரே.

முதல் இருவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. புதுவைக்காரரின் இரண்டாவது தொகுப்பைப் பற்றிச் சேலத்துக்காரர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு வாக்கியம்: இந்தக் கவிதைகளில் வினைச்சொல்லே இல்லை, ஆகவே எதுவும் நடப்பதில்லை. நியாயமான வாக்கியமா என்பதல்ல கேள்வி. முந்நூறு பிரதி போகிற பத்திரிகையில், அதில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள் என்ற நிலையில், ஒரு வாக்கியம் என்ன எடை கொள்ளும் என்பது வெளியாட்களுக்குப் புரியாது. கால்பந்தில் தொண்ணூறு நிமிஷம், போனால் நூற்றிருபது. அதற்கப்புறம் ஒருவன் விசில் ஊதுகிறான். எங்கள் ஆட்டத்தில் ஊதுவதற்கு ஆள் இல்லை. இருவரிடமும் மற்றவர் வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "மேட்ச் பாக்கத்தானே?"

சனிக்கிழமை பகலில் விருத்தாசலம் போனோம். பழமலைநாதர் கோயிலைச் சுற்றிவிட்டு, நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண்ணில் பொம்மையும் ஜாடியும் மின்சார ஃபியூஸ் கட்டையும் செய்கிற பீங்கான் பட்டறை ஒன்றைப் பார்த்தோம். சூளையிலிருந்து வந்த பொம்மைகளில் கீறல் விழுந்ததை ஒரு பெண் விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அரை வினாடி, அடுத்தது. விமர்சகர் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை கவுச்சி கிடையாது. இரவு கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைக் கடையல், வேர்க்கடலைத் துவையல். களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்பதைப் புதுவைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கு இரு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் நாங்கள், தபால்காரர்கள் மாதிரி. "அண்ணனுக்கு இன்னும் ஒரு உருண்டை வேணுமான்னு கேளுங்க" என்று என் மனைவி வேண்டுமென்றே ஒருவரைவிட்டு மற்றவரைக் கேட்கச் சொன்னாள். கேட்கவில்லை. குரோஷியா மொராக்கோவை 2–1 என்று வென்றது. அரையிறுதிவரை வந்த முதல் ஆப்பிரிக்க அணி மொராக்கோ. அவர்கள் தோற்றதில் அறையில் எல்லோருக்கும் ஒரே வருத்தம் என்பதைத் தவிர அந்த இரவுபற்றிச் சொல்ல அதிகமில்லை.

தமிழ் வர்ணனை கிடைத்தது. அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எங்கிருந்து, எந்தக் காலால், யாருக்கு என்று அடுக்கிக்கொண்டு போய்த் 'தட்டிவிடுகிறார்' என்று முடிக்குமுன் பந்து இரண்டு கால் மாறிவிடும். கிரிக்கெட்டுக்கு இந்த வாக்கியம் போதும். பந்துக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பத்தி எழுதலாம். கால்பந்தில் முடியாது. ஆகவே வேகம் கூடக்கூட வினை உதிர்ந்து பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. பெயரை உச்சரிக்கும் சுருதியே வினையாகிவிடுகிறது. நம் புதுக்கவிதையில் இது எத்தனை இடத்தில் நடந்திருக்கிறது என்று யாராவது பார்க்கலாம்.

ஞாயிறு காலை கறி. வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. பண்டிகைக்கு முந்தைய சந்தைகளில் வெளி மாவட்ட வியாபாரிகளின் வண்டிகள் வரிசையாக நிற்கும். இந்த ஊரில் கறி வாங்கத் தெரியாதவன் இருக்க முடியாது, நான் உள்பட. சமைக்கத் தெரிந்தவர் வியாசர்பாடிக்காரர்தான். அவர் அடுப்பருகில் நின்று உத்தரவு போட, சேலம் சின்ன வெங்காயம் உரித்தது, புதுவை தேங்காய் துருவியது. ஒரே முறத்தில். வெங்காயத்தின் உபயத்தில் இருவர் கண்ணிலும் நீர். அதற்குமேல் நான் அர்த்தம் ஏற்றவில்லை.

இறுதி ஆட்டம் இரவு எட்டரைக்கு. புதுவைக்காரர் பிரான்ஸ் பக்கம் என்பதை யாரும் சொல்லவேண்டியதில்லை. அவர் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், ஜூலை 14 வந்தால் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கிளம்புவார். விமர்சகர் அர்ஜென்டினா. காரணம் கேட்டால் போர்ஹெஸ் என்பார். போர்ஹெஸுக்குக் கால்பந்தே பிடிக்காது என்பது அவருக்கும் தெரியும். வியாசர்பாடிக்காரருக்குக் கட்சி இல்லை. "பந்தப் பாக்காதீங்க, பந்து இல்லாத எடத்தப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கோல்கீப்பர்கள் அப்படித்தான் பார்த்துப் பழகுகிறார்களாம்.

23ஆவது நிமிஷம் மெஸ்ஸியின் பெனால்டி. 36ஆவது நிமிஷம் அந்த இரண்டாவது கோல். பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பந்து இல்லாத இடத்தில் மாக் அலிஸ்டர் ஓட ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. விமர்சகர் எழுந்து நின்றுவிட்டார். "மெஸ்ஸி... அல்வாரெஸ்... மாக் அலிஸ்டர்... தி மரியா!"

எதிர்ப்பக்கத்திலிருந்து, திரையைவிட்டுக் கண் எடுக்காமல் குரல் வந்தது: "இப்ப வினைச்சொல் எங்கய்யா போச்சு?"

ஆறு வருஷத்தில் முதல் வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. விமர்சகர் மெதுவாக உட்கார்ந்தார்.

41ஆவது நிமிஷத்தில், இடைவேளைக்குக்கூடக் காத்திராமல், டெஷாம் இரண்டு பேரை வெளியே இழுத்தார். எழுபது நிமிஷம்வரை பிரான்ஸ் ஆடியது என்றே சொல்ல முடியாது. இந்த இடைவெளியில் என் மனைவி பேசினாள். நம் ஆண்கள் மெஸ்ஸியின் வயசு, சம்பளம் எல்லாம் சொல்கிறார்கள். 2018ல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வாங்கினார்களே, அதில் ஆடிய இந்துமதி கதிரேசன் இதே கடலூர் மாவட்டம், இந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டாள். வியாசர்பாடிக்காரர் ஒருவர் மட்டும் கை தூக்கினார்.

80ஆவது நிமிஷம் எம்பாப்பேயின் பெனால்டி. அடுத்த நிமிஷமே, பந்து தரையில் விழுமுன் உதைத்த இன்னொன்று. 2–2. கவிஞர் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும்: "அடிச்சான்யா! அடிச்சிட்டான்! உருண்டு விழுந்துகிட்டே அடிச்சான்!"

தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்த விமர்சகர் சொன்னார்: "இதைத்தான்யா நான் அன்னைக்குக் கேட்டேன்."

அதன்பின் நடந்தவை உலகத்துக்கே தெரியும். 108ல் மெஸ்ஸி, 118ல் மறுபடி எம்பாப்பே, 3–3. கடைசி விநாடிகளில் கோலோ முவானி தனியாக வந்து உதைத்ததை மார்த்தினேஸ் இடது காலை நீட்டித் தடுத்தபோதுதான் வியாசர்பாடிக்காரர் அன்று முதல்முறையாக எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நின்றார், உட்கார்ந்தார். பெனால்டிகளின்போது விமர்சகர் பீட்டர் ஹான்ட்கேயின் நாவலை எடுத்தார். அதன் முடிவில் கோல்கீப்பர் அசையாமல் நிற்க, பந்து அவன் கைக்கே வந்து சேர்கிறது. "நல்லா எழுதியிருக்கார். ஆனா நிக்க முடியாது சார். ஒடம்பு கேக்காது" என்றார் மாஜி கோல்கீப்பர். 4–2. அர்ஜென்டினாவுக்கு 1978, 1986க்குப் பிறகு மூன்றாவது கோப்பை.

பதினொன்றரை மணிக்கு மேல் கறிக்குழம்பு மிச்சமும் நாலு தோசையும் இருந்தன. அப்போது ஆரம்பித்தது சர்ச்சை. தொகுப்பின் இருபத்திரண்டு கவிதைகளையும் கவிஞர் மனப்பாடமாகச் சொன்னார். விமர்சகரும் அவற்றில் பலவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. எழுதியதை விமர்சகர் வாபஸ் வாங்கவில்லை. கவிஞர் ஏற்கவும் இல்லை. வார்த்தைகள் முன்னைவிடத் தடித்தன, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து. மார்கழி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கோயில் ஒலிபெருக்கி கரகரக்கும்வரை போயிற்று.

காலையில் கூட்டுரோட்டில் சேலம் பஸ் முதலில் வந்தது. விமர்சகர் படியில் கால் வைத்ததும் கவிஞர் கேட்டார்: "ஒன்றரைப் பக்கம் என்னய்யா ஒன்றரைப் பக்கம்? எழுதறதானா முழுசா எழுதும்." கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை, நகைக்கடன் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.