அரைக் குவளை

மாம்பழக் காலம் பிறந்துவிட்டால் எங்கள் பங்கு இல்லத் திண்ணை நிறைந்துவிடும். காலைத் திருப்பலிக்கு வருகிறவர் மஞ்சள் பையில் நாலைந்து செந்தூராவைக் கொண்டுவந்து வைப்பார். ஞாயிறு காணிக்கைப் பவனியில் கிளிமூக்கு மாம்பழம் கூடையோடு வரும். பெங்களூரா என்று வியாபாரிகள் அழைக்கும் இந்தக் கிளிமூக்குதான் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையின் செல்வம். மாங்கூழ் ஆலைகளுக்குப் பெரும்பாலும் செல்வது இதுவே. விலை கிடைத்த ஆண்டில் விவசாயியின் முகத்தில் களை இருக்கும். 2025ஆம் ஆண்டுக் கோடையைப் போல் விலை விழுந்துவிட்டால், பறிக்கிற கூலிக்கும் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டுவிடுவாரும் உண்டு.

இத்தனை பழத்தை ஒரு குருவானவரும் ஒரு சமையற்காரரும் தின்று தீர்க்க இயலாது. ஆகவே மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு பானம் செய்து கொடுப்பதுண்டு. பழமும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்து, பாலாடைபோல் நாவில் வழியும் பானம் அது. "சாமி, இதை எங்கே கற்றீர்கள்?" என்று தாய்மார்கள் வியப்போடு கேட்பர். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றேன், இதைக் கற்கவில்லை. இதைக் கற்றுத் தந்தவர் ஒரு கூலிக்காரத் தாய். செய்முறையைச் சொல்லுமுன் அவருக்கு நான் இழைத்த பிழையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் செய்முறையை மட்டும் எழுதினால், திருடிய பொருளைத் தானம் செய்தவன் ஆவேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது நான் இளங்குரு. பென்னாகரம் பக்கம் ஒரு கிளைக் கிராமத்திற்கு வீடு சந்திக்கச் சென்றேன். முதிய உபதேசியார் வழிகாட்டி வந்தார். ஆனி மாதக் கடைசி. வெயில் இன்னும் தணியாத நேரம். ஊருக்கு வெளியே, ஓடைக்கு அப்பால் இருந்த தெருவில் பதினைந்து வீடுகள். கடைசி வீட்டில் ஒரு விதவைத் தாயும், பத்து வயதுப் பேரனும். "தோத்திரம் சாமி" என்று கைகூப்பி வரவேற்றார். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து முடித்ததும், எனக்கெனத் துலக்கி வைத்திருந்த எவர்சில்வர் குவளையில் ஏதோ ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்தார். மஞ்சள் நிறமாய், திண்மையாய் இருந்தது. தாம் வேலை செய்யும் தோப்பில் உதிர்ந்த பழத்தைக் கேட்டு வாங்கிவந்து, அம்மியில் நசுக்கித் தேங்காய்ப் பால் விட்டுக் கலக்கியது என்றார். காலையிலிருந்தே அதற்காகத்தான் அவர் வேலைக்குப் போகவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நான் குவளையை வாங்கினேன். வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டேன். "இப்போதுதான் ஒரு வீட்டில் குடித்தேன் அம்மா, வயிற்றில் இடமில்லை" என்றேன். அது பொய். உண்மைக் காரணம் தண்ணீர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடிநீருக்கு ஆகாது. எத்தனையோ ஆழ்துளைக் கிணறுகளில் அதற்கும் மேலே இருந்தது. பற்கள் கறைபடிந்த பிள்ளைகளையும், முதுகு வளைந்து மூட்டு இறுகிய பெரியவர்களையும் நான் பார்த்திருந்தேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. அப்போது அந்தத் தெருவுக்கு இருந்தது ஓர் அடிபம்பு ஒன்றே. அந்த அச்சம் என் கையைத் தடுத்தது.

அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பேரனிடம் மெல்ல ஏதோ சொன்னார். முந்தானை முடிச்சை அவிழ்க்கும் ஓசை கேட்டது. பையன் ஓடினான். சிறிது நேரத்தில் பெட்டிக்கடையிலிருந்து மூடி திறவாத ஒரு மாம்பழப் பானப் போத்தலோடு திரும்பி வந்தான். அதை அவரே திறக்கவில்லை. மூடியோடு என் முன் வைத்து, "இது கடைச்சரக்கு சாமி, நாங்க யாரும் தொடலே" என்றார்.

நான் குடித்தேன். மூடிய போத்தல் என்பதால் நிம்மதியோடு குடித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திரும்பும் வழியில் உபதேசியார் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் வந்தார். ஓடையைக் கடந்ததும், "சாமி தண்ணிக்குப் பயந்திருக்கலாம். ஆனா அவங்க அப்படி நினைக்கலே" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் தொடர்ந்து, "மேல்தெரு டீக்கடையிலே அவங்களுக்குத் தனிக் குவளை சாமி" என்றார்.

அப்போதுதான் "நாங்க யாரும் தொடலே" என்ற சொல்லின் பொருள் என் மண்டையில் உறைத்தது. நான் தண்ணீரை எண்ணி மறுத்தேன். அவர் சாதியை எண்ணி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், என் தீட்டு என்று அவர் கருதியதற்கு ஒரு பரிகாரமும் தேடி, அரை நாள் கூலியைக் கொடுத்து மூடிய போத்தல் வாங்கி வந்தார். தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கும் 17ஆம் பிரிவோடு இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தத் தாய்க்கு இந்நாடு கற்பித்திருந்த பாடம் இது. அதை அன்று உறுதி செய்தவன், கிறிஸ்துவின் பெயரால் அவர் வீட்டை மந்திரிக்கப் போன நான்.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. எழுபத்திரண்டு சீடர்களை அனுப்பும்போது, நுழையும் வீட்டில் கொடுப்பதை உண்டு குடியுங்கள் என்று ஆண்டவர் பணித்ததை நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் அவர் தண்ணீர் கேட்டதை இன்னும் உருக்கமாய் விளக்கியிருக்கிறேன். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலத்தில், அவளுடைய குடத்து நீரையே அவர் கேட்டார்; மீட்பின் பெரிய உரையாடல் ஒன்று தாகத்திலும் ஒரு பாத்திரத்திலும் தொடங்கியது. எனக்கோ பாத்திரம் தேடி வந்தது. நான் விலக்கிவிட்டேன்.

மருத்துவ நோக்கிலும் என் அச்சம் பொருளற்றது. ஃபுளோரைடு நோய் ஒரு குவளையால் வருவதன்று. ஆண்டுக்கணக்காய்க் குடிப்பதால் எலும்பிலும் பல்லிலும் படிந்து வருவது. நான் ஒரு முறை குடிக்க அஞ்சிய நீரை அந்தத் தாய் வாழ்நாளெல்லாம் குடித்திருக்கிறார்.

மறுநாளே போயிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. மூன்று வாரம் கழித்து, உபதேசியாரையும் அழைக்காமல் தனியே போனேன். மன்னிப்புக் கேட்கப் பல வாக்கியங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். வாசலில் நின்றதும் அத்தனையும் மறந்துபோயின. "அம்மா, அன்றைக்கு நீங்கள் கொடுத்ததைக் குடிக்காமல் போய்விட்டேன். இன்று அதைக் கேட்டு வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "மாம்பழம் முடிஞ்சுபோச்சே சாமி" என்றார். பிறகு புழக்கடைக்குப் போய், மரத்தில் பழுத்திருந்த ஒரு பப்பாளியைப் பறித்து வந்தார். வீட்டில் இரண்டு பூவன் பழம் இருந்தது. நான் திண்ணையில் உட்காராமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்தேன். தேங்காய்த் துருவலை நான் பிழிந்தேன். பானம் தயாரானதும், அதே எவர்சில்வர் குவளையில் அரைக் குவளை மட்டும் ஊற்றிக் கொடுத்தார். ஏன் அரைக் குவளை என்பது எனக்குத் தெரிந்தது. மீதி வைத்தால் எனக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தையும் எனக்குத் தர அவருக்கு மனமில்லை. நான் குடித்து முடித்துக் குவளையை நீட்டினேன். அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. குவளையை நிரப்பினார். தமக்கும் பேரனுக்கும் ஊற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை.

அந்தத் தாய் இன்று உயிரோடில்லை. அவர் கற்றுத் தந்த முறையை இனி எழுதுகிறேன்.

நான்கு பேருக்கு, நன்கு கனிந்த கிளிமூக்கு மாம்பழம் இரண்டு, அல்லது அதே அளவு பப்பாளித் துண்டு, பூவன் பழம் இரண்டு, அரை மூடித் தேங்காய், பொடித்த வெல்லம் இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான நீர் அரைக் குவளை விட்டு அரைத்துத் துணியில் பிழிந்தால் கெட்டியான முதல் பால் கிடைக்கும். இன்னும் அரைக் குவளை விட்டு இரண்டாம் பால் எடுக்கலாம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவிடுங்கள். பழத்தையும் இரண்டாம் பாலையும் வெல்லத்தையும் முதலில் மிக்சியில் அரைத்து, கடைசியாக முதல் பாலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மின்சாரம் இல்லையேல் பழத்தை மசித்து மத்தால் கடையலாம். அந்தத் தாய் அப்படித்தான் செய்தார். குளிர்பெட்டி உள்ள வீட்டார் வாழைப்பழத்தை வில்லைகளாக்கி முதல் நாளே உறைய வைத்துக்கொண்டால், ஐஸ் கட்டி சேர்க்காமலே குளிர்ந்து, பாலாடைக் குழைவு வரும். தேங்காய்ப் பால் விரைவில் புளிக்கும். ஆகையால் செய்த உடனே குடித்துவிடுங்கள்.

பசும்பால் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். மாம்பழத்தோடு சேர்க்கலாம், பழம் புளிப்பாயிருந்தால் திரியும். அரைப் பழுப்புப் பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. அவை பாலைச் சிறிது நேரத்தில் கசக்கச் செய்துவிடும். தேங்காய்ப் பாலில் அந்தத் தொல்லை குறைவு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் சட்டப்படி விற்கத் தகாதது. காயை வாங்கி வைக்கோலில் மூடிவைத்து நீங்களே பழுக்க வையுங்கள். நீரிழிவுள்ளோர் வெல்லத்தை விட்டுவிட்டு, சிறு அளவே அருந்துவது நலம். அவர்களுக்கு அரைத்த பழத்தைவிடக் கடித்துத் தின்னும் பழமே ஏற்றது.

கடைப் போத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழ பானம் என்ற பெயரில் விற்க, நூற்றுக்குப் பத்துப் பங்கு பழச்சாறு இருந்தால் போதும் என்பது நம் நாட்டு உணவு விதி. மீதி பெரும்பாலும் நீரும் சர்க்கரையும். நம் தோப்பிலிருந்து கூழாகிப் போன மாம்பழத்தில் ஒரு துளி, பல மடங்கு விலையில் நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. ஆயினும் பங்குக்குரு வருகிறார் என்றால் நம்மில் பலர் பிள்ளையைக் கடைக்குத்தான் ஓட்டுகிறோம். வீட்டில் உள்ளது மரியாதைக்குப் போதாது என்று யாரோ நமக்குக் கற்பித்துவிட்டார்கள்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். பப்பாளியும் அன்னாசியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் கடந்து இங்கே வந்தவை. இன்று அவற்றை அந்நியம் என்று யார் சொல்வார்? ஏழு கடல் தாண்டி வந்த கனி நம் புழக்கடையில் உறவாகிவிட்டது. ஓடைக்கு அப்பால் பிறந்த சகோதரன் மட்டும் இன்னும் அந்நியனாய் நிற்கிறான். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவமென்று கண்டித்தது. அந்தக் கண்டனம் நம் வீட்டு அலமாரியிலுள்ள குவளை வரை வந்து சேர வேண்டும்.

ஆகவே அன்புள்ள குடும்பங்களே, இக்கோடையில் இரண்டு காரியம் செய்யுங்கள். இந்தப் பானத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கலந்து, இதுவரை உங்கள் வாசல்படி ஏறாத ஒருவரை அழைத்து, உங்கள் வீட்டுக் குவளையிலேயே ஊற்றிக் கொடுங்கள். பிறகு அவர் வீட்டுக்கு நீங்களும் போங்கள். கொடுப்பதைவிட வாங்கிக் குடிப்பது கடினம் என்பது அங்கே தெரியவரும். அவர் அரைக் குவளை ஊற்றித் தந்தால், குடித்துவிட்டு மறுபடியும் நீட்டுங்கள்.