கருவி சேராத கைகள்

2020ஆம் ஆண்டு மார்ச்சில், கொள்ளைநோயின் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பொறியியல் கற்பிக்கும் நான் ஆய்வுகூடத்தைக் கணினித் திரைக்குள் அடக்க வேண்டியதாயிற்று. திரையில் வரைந்த மின்சுற்றில் இணைப்புத் தானாகத் தளர்வதில்லை. தடையி கருகி மணப்பதுமில்லை. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி அங்கே எவ்வாறு கிட்டும்?

தொலைவைக் குறைகூறிப் பயனில்லை. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் கற்பிக்கத் தொடங்கியபோதே விஞ்ஞான மாணவரின் வீடுகளுக்குப் பரிசோதனைப் பெட்டிகளை அனுப்பிற்று. நமது மாணவருக்கும் சில தடையிகள், கம்பிகள், மின்கலம், ஒரு பல்மானி ஆகியன போதும். பல பரிசோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். வசதியுள்ளவன் அவற்றை வாங்கிவிடுவான். தோட்டத்து லயத்திலிருந்து கைத்தொலைபேசியிற் பாடங்கேட்கும் மாணவி என் செய்வாள்? பொதுச் செலவிற் கருவிகளை அனுப்பாவிடின், தொலைக்கல்வி வசதிபடைத்தோரின் கல்வியாகவே சுருங்கிவிடும்.