கஞ்சிகூட இறங்கவில்லையா? ஒரு சின்ன பிரஷ் சொல்லும் பதில்!

"உடம்புச் சூடுதாம்ப்பா, இளநீர் குடி, சரியாப் போகும்!" கம்பம் பள்ளத்தாக்கில் தொண்டை வலி என்றதும் வீட்டில் கிடைக்கும் முதல் வைத்தியம் இது. ஆனால் ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், கீமோதெரபி எடுப்பவர் ஆகியோருக்கு இது போதாது. ஒரு வாய் கஞ்சி இறங்கும்போதே நெஞ்சுக்குள் சுருக்கென்று வலித்தால், உணவுக்குழாயில் புண் இருக்கலாம்.

எதிர்ப்பு சக்தி குறைந்த உடலில் இதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு: கேண்டிடா பூஞ்சை, ஹெர்பிஸ் வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ். வலி ஏறக்குறைய ஒன்றுதான், மருந்துதான் வேறு. பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல், ஹெர்பிஸுக்கு ஏசைக்ளோவிர், மூன்றாவதற்கு கேன்சிக்ளோவிர். காரணம் தெரியாமல் நாள் கடந்தால், சாப்பாடு மட்டுமா நிற்கும்? ஹெச்.ஐ.வி-க்கான தினசரி மாத்திரையும், மாற்று சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையும் அதே வழியாகத்தானே இறங்க வேண்டும்?

இங்கேதான் பிரஷ் உதவுகிறது. எண்டோஸ்கோபி குழாய் வழியாக அதை உள்ளே விட்டு, புண்ணின் ஓரத்தில் தேய்க்கிறார்கள். ஒட்டிவரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஹெர்பிஸ் என்றால் ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் நெருக்கியடித்து மங்கலாகத் தெரியும். சைட்டோமெகலோ என்றால் பெருத்த செல்லுக்குள் ஆந்தைக் கண் போல ஒரு புள்ளி. பூஞ்சை நூல் நூலாக இருக்கும். தோல் கொப்புளத்தைச் சுரண்டி செல்களைப் பார்க்கும் இதே உத்தியை 1947-ல் விவரித்தவர் பாரிஸ் மருத்துவர் ஆர்னோ சாங்க்.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்குச் சில நாள்கள் ஆகும். பிரஷ் மாதிரியை அன்றே பார்த்துவிட முடியும். ஆனால் சைட்டோமெகலோ வைரஸ் புண்ணின் அடியில் ஒளிந்திருப்பதால், பிரஷ்ஷுக்குச் சிக்காமல் போகலாம். அதனால் பயாப்ஸியும் சேர்த்து எடுப்பதே நல்லது.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். 2004-ல் அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. இன்று க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி மையம் இருக்கிறது. ஆனாலும், ஏலத்தோட்ட ஜீப்பில் கூட வருபவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மருத்துவரிடமே மறைத்து, 'அல்சர்' என்று மட்டும் சொன்னால், கேஸ் மாத்திரைதான் கிடைக்கும்.

நோயாளியின் சம்மதமில்லாமல் ஹெச்.ஐ.வி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். அதனால், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைத் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கும்போது வலிப்பதையும், எத்தனை நாளாக வலிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.