துண்டு

எங்க பூட்டன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணிக்கு ஆள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பணத்தைக் கட்டினால்தான் வேறு தோட்டத்தில் பேர் பதியலாம். 1921-இல் அதை ஒழித்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்க சனத்தைக் கப்பலேற்றினார்கள். கூடலூருக்கு வந்து சேர்ந்தோம். துண்டும் கூடவே வந்துவிட்டது.

எங்க லயத்தில் ஒரு அக்கா. மகள் பிரசவத்துக்குப் பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினார். முதல் மாச வட்டி போக கைக்கு வந்தது ஒன்பதாயிரம். அடமானம் ஏ.டி.எம். கார்டு. சம்பளத்தன்று வட்டிக்காரனே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பான். பதினஞ்சு மாசம் ஆச்சு. அசல் அப்படியே நிக்குது.

2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தைச் சொன்னேன். மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன்பட்டவர் முறையான தொகையைக் கோர்ட்டில் கட்டிக் கணக்கை முடிக்க மனுப் போடலாம். கடனைக் காட்டி ஆளையே கட்டிவைத்து வேலை வாங்கினால், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, கொடுக்கவே வேண்டியதில்லை.

“வாங்குன காசக் குடுக்காம இருந்தா பாவமில்லையா தம்பி?” என்றார் அக்கா. இந்தப் பாவக் கணக்கை நமக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தவன் எவன்? கோபத்தோடுதான் மனுவை எழுதினேன்.

படிக்கச் சொல்லிக் கேட்டார். “கேஸு கெடக்கட்டும். மழையில பேரு கெடைக்கலேன்னா அரிசிக்கு எவங்கிட்டப் போய் நிக்கறது?”

எம்.ஏ. தமிழ் படித்த வாய்க்குப் பதில் வரவில்லை. மனு இன்னும் அவர் அரிசிப் பானைக்கு அடியில்தான் இருக்கிறது, கையெழுத்தில்லாமல்.