வராத அப்பன்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் டூபாக் ஷகூர் 1995இல் வெளியிட்ட ‘டியர் மாமா’ என்கிற ஹிப் ஹாப் பாட்டை எல்லாரும் அம்மா பாட்டு என்பார்கள். எனக்கு அது விட்டுப்போன அப்பனைப் பற்றிய பாட்டாகவும் கேட்கிறது. அப்பனுக்கு அதில் சில வரிகள்தான். செத்தார்னு தெரிஞ்சும் அழுகை வரலை, ஏன்னா அவர் கூட இருந்ததே இல்லை. தெருவில் திரிஞ்ச பசங்கதான் பாசம் காட்டினாங்க. அவ்வளவுதான்.

அந்த அம்மா அஃபேனி ஷகூர், கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர். நியூயார்க்கில் 21 பேர் மேல் போட்ட சதி வழக்கில், வயிற்றில் பிள்ளையோடு தனக்குத்தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை. ஜூன் 16 அன்று டூபாக் பிறந்தார். பெத்த அப்பனும் அதே கட்சிதான். ஆனா வளர்க்க வரலை. 1994இல் மகன் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தப்பதான் வந்து நின்னார்.

அஃபேனி பிற்பாடு கிராக் போதையில் விழுந்து, மீண்டவர். மகன் அதை மறைக்கலை. பாட்டிலேயே சொல்லிட்டு, அதே மூச்சில் அம்மாவை உயர்த்திப் பிடிக்கிறார்.

1965இல் வந்த மொய்னிஹன் அறிக்கை, பெண்கள் தலைமையில் நடக்கிற கறுப்பர் குடும்பங்களைக் கோளாறாகக் காட்டியது. சரி, அப்பன்களைக் கொண்டுபோனது யார்? 1986இல் ஒரு சட்டம் போட்டாங்க. தூள் கொக்கைன் 500 கிராமுக்கு என்ன தண்டனையோ, அதே ஐந்து வருஷ ஜெயில் கிராக் 5 கிராமுக்கே. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 2010இல் அந்த வித்தியாசத்தைக் குறைத்தார்கள், ஒழிக்கவில்லை.

அதுக்காக எல்லா அப்பனையும் அரசாங்கம்தான் கொண்டுபோச்சுன்னு சொல்ல முடியாது. சில பேர் தானே நடந்து போனவங்க. டூபாக் அதையும் சொல்றார்.

1972இல் பம்பாயில் தொடங்கின தலித் பேந்தர்ஸ், பெயரைக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தது. பெயரை எடுத்த நாம் இந்தத் துணிச்சலை எடுத்தோமா?

எங்கப்பா எனக்கு ஏழு வயசில் சூளை மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டுப் போனவர். சீசன் முடிஞ்சு மத்தவங்க சேரிக்குத் திரும்பினாங்க. அவர் வரலை. அங்கேயே வேற குடும்பம்னு சொன்னாங்க. முன்பணத்தையும் அம்மாதான் நடவு நட்டு, களையெடுத்து அடைச்சுது. சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் எழுத்தர் கேட்டார்: “அப்பன் பேரு சரி, ஆளு எங்க?” அம்மா சொன்னுது: “பேருதான கேட்டிருக்கு, எழுதிக்கய்யா. ஆளு எங்கன்னு கேக்க அந்தக் காயிதத்துல கோடு போட்டிருக்கா?”

இதையெல்லாம் எழுதினால் தோழர்கள் சிலர் தடுக்கிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரன் கையில் நாமே கம்பு கொடுத்த மாதிரி ஆயிடும் என்கிறார்கள். கம்பு அவன் கையில் எப்பவும் இருக்கு. நாம பேசாம இருந்ததால் ஒரு அடிகூடக் குறையலை. எங்கப்பாவைக் கடனில் கட்டி சூளைக்கு இழுத்தது இந்தச் சாதிச் சமூகம். அங்கிருந்து ஒரு கடுதாசிகூடப் போடாதவர் எங்கப்பா. ரெண்டு கணக்கையும் எழுதணும். ஒண்ணை எழுதி ஒண்ணை மறைச்சால், மறைச்ச கணக்கை வாழ்நாள் பூரா அடைக்கிறவள் அம்மா.