பயணம் வகுத்தவரின் பயணம்

வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ பங்கு மக்களை அழைத்துச் செல்லப் பேருந்து அமர்த்திய எவரும் ஓர் உண்மையை அறிவர். பிறர் பயணத்திற்கு ஏற்பாடு செய்பவர் தாம் அமைதியாகப் பயணம் செய்வதில்லை. உணவு நேரத்தில் கிடைக்குமா, தங்க இடம் உண்டா, புறப்பட்டவர் அனைவரும் நலமாய் வீடு திரும்புவரா என்னும் கவலை அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கவலையையே வாழ்நாள் தொழிலாக ஏற்றுக்கொண்ட ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே தாமஸ் குக்.

டார்பிஷயரில் மெல்போர்ன் என்னும் சிற்றூரில் 1808ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தவர் இவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். மரவேலை கற்றார், பாப்டிஸ்ட் சபையின் போதகராய் ஊர் ஊராய் நடந்தார். ஏழைக் குடும்பங்களைக் குடிப்பழக்கம் சீரழிப்பதைக் கண்டு மதுவிலக்குப் பணியில் முனைந்தார். 1841இல் அத்தகைய கூட்டம் ஒன்றிற்காக மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து லெஸ்டர் நகருக்கு 15 மைல் தொலைவு நடந்து செல்கையில், புதிதாய் வந்திருந்த இரயில் வண்டியை இப்பணிக்குப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். சுற்றுலாத் தொழில் பிறந்த கதை இதுவே.

தொடக்கம் எல்லாம் இனிதாய் அமைந்துவிடவில்லை. 1846இல் 350 பேரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்றபோது, வழியில் தேநீர் தருவதாய் அளித்த வாக்கு வாக்காகவே நின்றது. அக்காலத்து இரயில் பெட்டிகளில் கழிப்பறையும் கிடையாது. பசியோடும் பிற இடர்களோடும் பயணிகள் பட்டபாடு சொல்லத் தரமன்று. ஆயினும் குக் தளரவில்லை. உணவுக்கும் தங்கும் விடுதிக்கும் முன்கூட்டியே பணம் பெற்றுச் சீட்டு வழங்கும் முறையைப் பின்னாளில் ஏற்படுத்தினார்.

இவ்வாறு பிறரை வழிநடத்திய குக், தம் 63ஆம் வயதில் உலகையே சுற்றிவரப் புறப்பட்டார். மூன்று இணைப்புகள் அதற்கு வழிவகுத்திருந்தன. 1869 மே மாதம் அமெரிக்காவின் இரு கடற்கரைகளையும் இரும்புப்பாதை இணைத்தது. அவ்வாண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870 மார்ச்சில் பம்பாயும் கல்கத்தாவும் இரயிலால் இணைந்தன. 1872 செப்டம்பர் 26ஆம் நாள் லிவர்ப்பூல் துறைமுகத்தில் 'ஓஷியானிக்' என்னும் கப்பலில் ஒரு சிறு குழுவோடு அவர் ஏறினார். கட்டணம் 200 கினி. அக்காலத்தில் அது செல்வர்க்கே இயலும் தொகை.

ஓராண்டுக்கு முன் பெருந்தீக்கு இரையாகி மீண்டும் எழுந்துகொண்டிருந்த சிக்காகோவைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் பசிபிக் கடலில் இறங்கினர். மூன்று வாரங்களுக்கு மேல் கரையே காணாத பயணம். அங்கே ஒரு வியப்பு அனைவர்க்கும் காத்திருந்தது. மேற்கு நோக்கிச் செல்வோர் நடுக்கடலில் நாள் மாறும் கோட்டைக் கடக்கையில் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமற் போய்விடும். திட்டமிடுவதில் வல்லவராயினும், அந்த நாளை அவராலும் மீட்க இயலாது! இதே வேளையில், 1872 நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஜூல் வெர்ன் எழுதிய '80 நாட்களில் உலகைச் சுற்றி' பாரிஸ் நாளேடு ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்தது. அக்கதைத் தலைவன் கிழக்கு நோக்கிச் சென்றதால் ஒரு நாளைப் பெற்றான். மேற்கே சென்ற குக் ஒரு நாளை இழந்தார்.

ஜப்பான் அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. டோக்கியோ நகரில் குழுவினர் ரிக்ஷாக்களில் வரிசையாய்ச் சென்றபோது தெருவெங்கும் மக்கள் கூடி வேடிக்கை பார்த்தனர். பிறரைக் காண வந்தவர்களே அங்குக் காட்சிப்பொருளாயினர்! மனிதனை மனிதன் இழுக்கும் அவ்வண்டி ஜப்பானில் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர் அது நம் நாட்டுக்கும் வந்தது. தமிழகத்தில் 1973இல்தான் கைரிக்ஷா ஒழிக்கப்பட்டது. ஜப்பானின் உள்நாட்டுக் கடலின் எழிலில் தம்மை மறந்த குக், ஷாங்காயின் குறுகிய தெருக்களையும் இரவலர் கூட்டத்தையும் கண்டு விரைவில் வெளியேறினார். அவர் கண்கள் அக்காலத்து ஆங்கிலேயரின் கண்கள். வறுமையைக் கண்டன, அதன் காரணத்தை நின்று வினவவில்லை.

சிங்கப்பூர், இலங்கை வழியாக இந்தியா வந்தார். காசியின் படித்துறைகள், ஆக்ராவின் தாஜ்மகால், 15 ஆண்டுகளுக்கு முன் கிளர்ச்சி நடந்த லக்னோ, கான்பூர் ஆகியவற்றைக் கண்டார். பம்பாயில் கப்பலேறிச் செங்கடல் வழியே எகிப்தை அடைந்தார். வழியிலிருந்து இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு மடல்கள் எழுதினார். உலகைச் சுற்றுவது எவ்வளவு எளிது என்பதே அவற்றின் சாரம். 25,000 மைலுக்கு மேற்பட்ட அப்பயணம் 222 நாட்களில் நிறைவுற்றது.

ஆனால் அவர் திட்டத்தில் அடங்காத ஒன்று இல்லத்தில் காத்திருந்தது. அவர் தொலைவில் இருந்த காலத்தில் மகன் ஜான் மேசன் குக் நிறுவனத்தின் பொறுப்பைத் தம் கைக்குள் கொண்டுவந்திருந்தார். இலண்டன் லட்கேட் சர்க்கஸில் புதிய தலைமையகம் 1873இல் எழுந்தது. தந்தைக்கு இத்தொழில் எளியோரை உலகைக் காணச் செய்யும் தொண்டு. மகனுக்கோ கணக்குத் தவறாமல் நடத்தவேண்டிய வாணிகம். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. தந்தையின் கனவு இல்லையேல் அத்தொழில் பிறந்திராது. மகனின் கண்டிப்பு இல்லையேல் வளர்ந்திராது. எனினும் இருவரும் ஒத்துப்போக இயலவில்லை. 1870களின் இறுதியில் தந்தை ஒதுங்கினார். 1880இல் மகள் ஆனியும் 1884இல் மனைவி மரியானும் இறந்தனர். எத்தனையோ பேருக்கு உலகைக் காட்டிய அவர் முதுமையில் பார்வையை இழந்து 1892இல் காலமானார்.

நிறுவனமோ ஓங்கியது. 1881இல் பம்பாயில் கிளை திறந்தது. 1886இல் இந்தியாவிலிருந்து மெக்கா செல்லும் இசுலாமிய யாத்திரிகரின் பயணப் பொறுப்பையும் சில ஆண்டுகளுக்கு ஏற்றது. இறுதியில் 2019 செப்டம்பர் 23 அன்று, கடன் சுமையால் இங்கிலாந்தில் அது சரிந்து விழுந்தது. அன்று வெளிநாடுகளில் தவித்து நின்ற பிரிட்டானியப் பயணிகள் மட்டும் ஏறத்தாழ 1,50,000 பேர். அவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பு அரசின் தலைமேல் விழுந்தது.

அன்பர்களே, கப்பல் நேரமும் இரயில் நேரமும் அட்டவணையில் அடங்கும். வீட்டில் வளர்ந்து நிற்கும் மகனின் மனம் எந்த அட்டவணையிலும் அடங்காது. அதைக் கேட்டறிய மேசைக்கு எதிரே அமர்ந்து சில மணி நேரம் செலவிடுவதே வழி. நம்மில் பலர் தொழிலையோ நிலத்தையோ கடையையோ பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய வயதில் இருக்கிறோம். நெடும்பயணம் புறப்படுமுன், அந்த உரையாடலை முடித்துவிட்டுப் புறப்படுவோமாக.